நான் சிவப்புக் கொடி தூக்கிய விவரம்

ரோவன்டேல், லங்காஷயர்.
10 ஜூன் 1901, திங்கட்கிழமை.

என் மரியாதைக்குரிய மைத்துனர் சைலஸ் கிரீன்ஹால் அவர்கள் சமூகத்துக்கு, ஏனோக் டக்வொர்த் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

கர்த்தருடைய கிருபையால் இவ்விடம் நான் சுகம். தங்கள் மகன் வில்ஃப்ரெடும் சுகம். நேற்று மதியம் என் பங்கு உருளைக்கிழங்கையும் சேர்த்துச் சாப்பிட்டான். தாங்களும் தங்கள் வீட்டாரும், பிளாக்பூலில் தாங்கள் நடத்தும் விடுதியும், அதில் வந்து தங்குகிற கடற்கரை விருந்தாளிகளும் க்ஷேமமாயிருக்க வேண்டுகிறேன். தங்கள் முழங்கால் வலி கடற்காற்றில் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. என் மனைவியும் தங்கள் தங்கையுமான டபிதா, போன மாதம் முப்பதாம் தேதி வியாழக்கிழமை காலை, ஒரு தகரப் பெட்டி, ஒரு தொப்பிப் பெட்டி, எங்கள் வீட்டில் இருந்த ஒரே தேநீர்க் கெண்டி ஆகியவற்றுடன் தங்கள் வீட்டுக்குப் புறப்பட்டு வந்தாள். இன்றோடு பதினோரு நாள். அவள் தங்களிடம் சொன்னதெல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். அவளுக்குப் பொய் சொல்ல வராது என்பது கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக நான் அனுபவித்து வருகிற கஷ்டம். ஆனால் அவள் ரயிலேறிய பிறகு இங்கே நடந்தது அவளுக்குத் தெரியாது. தங்களுக்கும் தெரியாது. ஆகவே முதலிலிருந்தே எழுதுகிறேன். கோபப்படுவதானால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பெந்தெகொஸ்தேக்கு மறுநாள் திங்கட்கிழமை எங்கள் ஊரில் நடக்கும் நடைப் போட்டியைத் தாங்கள் அறிவீர்கள். சபை வாசலில் தொடங்கி, மேட்டு மேய்ச்சல் நிலம் வரை ஏறிப்போய்த் திரும்பி வர வேண்டும், பன்னிரண்டு மைல். நடக்க வேண்டும், ஓடக் கூடாது. எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து எழும்பிவிட்டால் அது ஓட்டம். இதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் அல்லவா, ஒன்பது வருஷமாக அந்த ஆள் நான். திரும்பி வருகிற வழியில் அடிபம்பு முக்கில் சரியான இறக்கம். பதினோரு மைல் நடந்து வந்தவனுக்கு அந்த இறக்கத்தைக் கண்டால் கால் தானாக ஓடும். அங்கேதான் நான் கையில் சிவப்புக் கொடியோடு நிற்பேன். கொடி உயர்ந்தால் உயர்ந்ததுதான், அப்பீல் கிடையாது. இதுவரை பதினான்கு பேரை வெளியேற்றியிருக்கிறேன், அதில் ஒருவர் நான் மேஸ்திரியாக இருக்கும் நெசவாலை முதலாளியின் சொந்தத் தம்பி. “மேஸ்திரி ஏனோக்கு கண்ணுல எறும்பு ஓடினாலும் தெரியும்” என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அதைக் கேட்டும் கேட்காததுபோல் போவது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் தங்கி நெசவாலைக்குப் போய்வருகிற தங்கள் மகனும் இந்த வருஷம் போட்டியில் சேர்ந்தான். மூன்று மாதமாகத் தினமும் தறி நின்றதும் மேட்டுக்குப் போய்விடுவான். இடுப்பை ஆட்டி ஆட்டி அவன் நடக்கிறதைப் பார்த்து ஊர் வாத்தெல்லாம் பின்னாலேயே போகும். காலையில் இரண்டு பச்சை முட்டை குடிப்பான். பாதம் உரம் பெற வேண்டுமென்று டபிதா தினமும் சாயங்காலம் அவன் காலை வினிகர்ச் சட்டியில் ஊற வைப்பாள். வீடு முழுக்க ஊறுகாய் வாசனை. புதுக் காலுறை ஒரு ஜோடி பின்னிக் கொடுத்தாள். எனக்குப் பின்னிக்கொண்டிருந்த கம்பளிதான் அது.

போட்டிக்கு முந்தின சனிக்கிழமை, ஃபிட்டன் என்று ஒருவர் கோடு போட்ட கால்சட்டையும், முக்காலியில் நிற்கிற ஒரு மரப்பெட்டியுமாக ஊருக்கு வந்து சேர்ந்தார். பெட்டிக்கு ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் எதிரே நடக்கிறதெல்லாம் உள்ளே படமாகப் பதிந்துவிடுமாம். சந்தைத் திடலில் அவருக்கு ஒரு கூடாரம் இருந்தது. திங்கட்கிழமை போட்டியைப் பிடித்து, புதன்கிழமை சாயங்காலம் அதே போட்டியை வெள்ளைத் துணியில் ஓட்டிக் காட்டுவதாகத் தண்டோரா போட்டார். திங்கள் காலையில் பெட்டியைக் கொண்டுவந்து, வேறு இடமே இல்லாததுபோல், அடிபம்பு முக்கில் எனக்கு நேர் எதிரே நிறுத்தினார்.

“எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க! மூஞ்சி தெரியணும், மூஞ்சி!” என்று கத்தினார். “உங்க மூஞ்சி உள்ள விழுந்தாத்தானே புதன்கிழமை அதப் பாக்க நீங்களே வருவீங்க? ஏம்மா, கொழந்தையத் தூக்கிப் பிடிங்க. பெரியவரே, தொப்பிய ஏத்தி வையுங்க.”

பெரியவர் என்றது என்னை. எனக்கு ஐம்பத்து நாலு. தொப்பியை ஏற்றித்தான் வைத்தேன்.

பத்தரை மணிக்கு மேட்டு வளைவில் ஆட்கள் தெரிந்தார்கள். முன்னால் தங்கள் மகன். அவனுக்குப் பத்தடி பின்னால் ஜேபஸ் ஓர்மராட், கால்வாய்த் துறையில் நிலக்கரி இறக்குகிறவர், தோள் இரண்டும் கதவு அகலம். ஜனங்கள் கத்துகிற கத்தலில் ஒன்றும் கேட்கவில்லை. இருவரும் இறக்கத்தில் வந்தார்கள். கொடி உயர்ந்தது. வில்ஃப்ரெட் எனக்கு நேர் முன்னால் நின்றான்.

“மாமா, நானா?” என்றான்.

“நீதான். ஓடிட்டே,” என்றேன்.

அவன் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தொப்பியைக் கழற்றினான், போய் மதில் ஓரத்தில் உட்கார்ந்து செருப்புக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். ஜேபஸ் ஒரு கணம் தயங்கி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார். பரிசு ஒரு முழுப் பன்றித்தொடை, புகையில் போட்டுப் பதப்படுத்தியது. ஜேபஸ் வீட்டில் ஏழு பேர். செவ்வாய்க்கிழமை பொழுது சாயும்போது எலும்பு மட்டும்தான் மிச்சம் என்று கேள்வி.

டபிதா அன்றைக்கு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “நிசமாவே ஓடினானா?” நான், “கொடி தூக்கினேனே, பாக்கலியா?” என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாளும் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம்தான் பேச்சு.

புதன்கிழமை ஊரே கூடாரத்தில் இருந்தது. நெசவாலையில் ஆறு மணி சங்கு ஊதினதும் மர மிதியடிச் சத்தம் நேரே சந்தைத் திடலுக்குத்தான் போச்சு. பெண்டுகள் சால்வையோடு, ஆம்பளைகள் பஞ்சுத் தூசியோடு, பெஞ்சில் இடம் பிடிக்க ஒரே தள்ளுமுள்ளு. நான், டபிதா, வில்ஃப்ரெட் மூணு பேரும் மூணாவது வரிசை. விளக்கை அணைச்சதும் துணியில் வெளிச்சம் விழுந்தது. அடிபம்பு தெரிஞ்சது. “அய்யோ, பம்பு! நம்ம பம்பு!” என்று ஒருத்தர் அழுதேவிட்டார். பம்பை அவர் தினமும் பார்க்கிறவர்தான்.

அப்புறம் படத்தில் ஆட்கள் நகர ஆரம்பிச்சார்கள். சைலஸ் அவர்களே, இதை எப்படி எழுதுகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. வெளியே அடுத்த ஆட்டத்துக்கு முன்னூறு பேர் காத்திருக்கிறார்கள் என்று ஃபிட்டன் கைப்பிடியைப் போட்டு வெறி பிடித்ததுபோல் சுற்றினார். அவர் கை வேகத்துக்குப் படம் ஓடும், படத்து வேகத்துக்கு மனிதன் ஓடுவான் என்பது எங்களுக்கு என்ன தெரியும்? எல்லாரும் ஓடினார்கள். முதலில் வாத்தியக்காரர்கள் டிரம்மைத் தூக்கிக்கொண்டு வீடு பற்றியெரிகிற மாதிரி ஓடினார்கள். பின்னால் எங்கள் பாதிரியார், எழுபது வயசு, இரண்டு கைத்தடி, குடுகுடு என்று துணியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாலே எட்டில் போய்விட்டார். குழந்தையைத் தூக்கிப் பிடித்த அம்மா அதை உலுக்கின உலுக்கலில் கூடாரத்தில் இருந்த நிசக் குழந்தை பயந்து அழுதது. கூடாரம் முழுக்க ஒரே கத்தல், “கொடியத் தூக்குய்யா ஏனோக்கு! பாதிரியார் ஓடுறாரு! கொடியத் தூக்கு!” பாதிரியாரே எழுந்து, “நான் நடந்துதான் போனேன், சாட்சி இருக்கு” என்று விளக்கம் சொன்னார்.

நானும்தான் சிரித்தேன். டபிதாகூட உதட்டை மடித்துக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் படத்தின் ஓரத்தில் நான் வந்தேன்.

இந்த இடத்தில் மிஸஸ் கெசையா பில்லிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுப் பின்மதிலுக்கு அந்தப் பக்கத்துச் சந்தில் இறைச்சி அப்பம் சுட்டு விற்கிற விதவை அம்மாள். போட்டியன்று அவள் தள்ளுவண்டி எனக்குப் பின்னால் நின்றது. வில்ஃப்ரெடுக்குச் செய்த சவரட்சணையில் அன்றைக்கு என் காலைச் சாப்பாடு யாருக்கும் ஞாபகமில்லை. அந்த அம்மாள், “மேஸ்திரி, விடிஞ்சதுலேருந்து நிக்கிறீங்க. சூடா ஒண்ணு தின்னுங்க” என்று ஒரு அப்பத்தை நீட்டினாள். இவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது, பைபிளின் மேல் கை வைத்துச் சொல்கிறேன்.

படத்தில் தூரத்தில் தங்கள் மகன் வருகிறான். ஓரத்தில் நான் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறேன். வலது கையில் கொடி, இடது கையில் அப்பம். வாயைத் திறக்கிறேன், குதிரை கொட்டாவி விடுகிற அளவுக்கு. கடிக்கிறேன். உள்ளே இருந்த குழம்பு கொதிக்கக் கொதிக்க நாக்கில் பட்டு மோவாயில் வழிந்து மார்ச்சட்டையில் இறங்குகிறது. நான் ஒரு துள்ளுத் துள்ளுகிறேன், இரண்டு கையும் மேலே போகிறது. வலது கையில்தான் கொடி இருக்கிறதே, அதுவும் போகிறது. அதற்குப் பிறகுதான், சைலஸ் அவர்களே, அதற்குப் பிறகுதான் நான் பாதைப் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.

கூடாரத்துக் கூரை கிழிகிற மாதிரி சிரிப்பு. “இன்னொரு தபா!” என்றார்கள். ஃபிட்டன் இன்னொரு தடவை போட்டார். பிறகு கைப்பிடியைப் பின்னோக்கிச் சுற்றினார். வழிந்த குழம்பு மார்ச்சட்டையிலிருந்து ஏறி வாய்க்குள் போச்சு, வாயிலிருந்து அப்பம் முழுசாக வெளியே வந்தது, அதை நான் மிஸஸ் பில்லிங்கிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன். வில்ஃப்ரெட் முதுகுப்பக்கமாகவே மேடு ஏறிப் போனான். மூன்று தடவை இப்படி. ஊரில் யாருக்கும் மறுநாள் வேலை ஓடியிருக்காது.

உள்ளது உள்ளபடி எழுதிவிடுகிறேன். நான் அவன் காலைப் பார்க்கவில்லை. கொடி போனது சூட்டில் போனது. திரும்பினால் கொடி மேலே இருக்கு, கொடிக்குக் கீழே பையன் நிக்கிறான், ஊர் மொத்தமும் என் வாயைப் பார்க்குது. ‘கை தவறிப் போச்சு, நட ராசா’ என்று சொல்ல நேரம் இருந்தது. சொல்ல வாயும் இருந்தது, வெந்திருந்தாலும் இருந்தது. ஒன்பது வருஷப் பேர் போயிடுமே என்று ஒரு நினைப்பு. ‘ஓடிட்டே’ என்று சொல்லிவிட்டேன். தங்கள் பிள்ளையிடம் சொன்னேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நான் டபிதாவிடம், “ஒரு அப்பம். அதுக்குப் போயி...” என்று ஆரம்பித்தேன்.

“அப்பத்துக்கு யாருங்க கோவிச்சா?” என்றாள். “பசிச்சுது, தின்னீங்க. கெசையா கைப்பக்குவம், நானே திம்பேன். முழுங்கினப்புறம் தெரிஞ்சுதில்ல, அவன் ஓடலன்னு? தெரியலன்னாவது தெரிஞ்சுதில்ல? ரெண்டு நாளா அந்தப் பய உங்க எதிர்ல உக்காந்து கஞ்சி குடிக்கிறான். நான் வாயத் தொறந்து கேட்டேன். என்னைப் பாத்துப் பொய் சொன்னீங்க.”

“பொய் சொல்லல. கொடி தூக்கினேனே பாக்கலியான்னு கேட்டேன்.”

“அது பொய்யவிட மோசம்,” என்றாள். மறுநாள் காலையில் வில்ஃப்ரெட் பெட்டியைத் தூக்க, ஸ்டேஷனுக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை நான் ஃபிட்டனைப் பார்க்கப் போனேன். போகும்போது என் யோசனை நல்ல யோசனை இல்லை. அந்தத் துண்டை வெட்டி எறியச் சொல்லிக் கெஞ்சுவதாகத்தான் போனேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. “மேஸ்திரி, குதிரைப் பந்தயம் புடிச்சிருக்கேன், குத்துச்சண்டை புடிச்சிருக்கேன், உங்க அப்பத்துக்கு ஈடு ஒண்ணுமில்ல. நீங்க மட்டும் அந்தக் கொடியோட வாசல்ல வந்து நின்னீங்கன்னா...” என்றார். எழுந்து வர இருந்தேன். அப்புறம் ஏனோ, “கொஞ்சம் மெதுவாச் சுத்துவீங்களா? பையன் கால மட்டும் பாக்கணும்” என்றேன்.

“மெதுவாச் சுத்தினா விளக்குச் சூட்டுல படம் பத்திக்கும்.”

“கொஞ்சூண்டு. நாலு எட்டு.”

அவருக்கும் ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது. கூடாரத்தில் நாங்கள் இரண்டே பேர். மெல்ல மெல்லச் சுற்றினார். துணியில் வில்ஃப்ரெட் வந்தான். குதிகால் பதிந்தது, அந்தக் கால் முழுசாக ஊன்றின பிறகுதான் இந்தக் கால் எழும்பியது. மறுபடி குதிகால், மறுபடி ஊன்றல். சைலஸ் அவர்களே, ஒன்பது வருஷத்தில் அத்தனை சுத்தமான நடை நான் பார்த்ததில்லை. இறக்கத்தில் எல்லாரும் உடம்பை முன்னால் சாய்ப்பார்கள், தங்கள் மகன் முதுகு கொடிமரம் மாதிரி நின்றது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் முழங்காலில் ஒரு பழுப்புப் புள்ளி விழுந்தது. புள்ளி வட்டமாச்சு, வட்டம் ஓட்டையாச்சு, குப்பென்று ஒரு வாடை. ஃபிட்டன் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினார். சரியாக அந்த நாலு எட்டும் போச்சு. என் அப்பத்துக்கு ஒரு சேதமும் இல்லை.

ஃபிட்டன் கரிந்ததைக் கத்தரித்து எறிந்துவிட்டு இரண்டு முனையையும் பசை போட்டு ஒட்டினார். “சனிக்கிழமைக்கு ஆயிடும், ஒண்ணும் தெரியாது” என்றார். தெரியாமலா போச்சு!

சனிக்கிழமை சாயங்காலம் நான் கூடாரத்துக்குப் போனது எழுந்து நின்று ஒப்புக்கொள்வதற்காக. என்ன பேசுவது என்று எழுதி மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். படம் ஓடியது. பாதிரியார் ஓடினார், வழக்கம்போல் கத்தினார்கள். நான் அப்பத்தைக் கடித்தேன். நாலைந்து கஜத்துக்கு அப்பால் வில்ஃப்ரெட் வருகிறான். நடுவில் நாலு எட்டு இல்லை அல்லவா? ஒரே தாவல்! பம்புக்கு அந்தப் பக்கம் இருந்தவன் கண் மூடித் திறப்பதற்குள் கொடிக்குக் கீழே நிற்கிறான். ஆகாயத்தில் பறந்து வந்தவன் மாதிரி.

“அடேயப்பா! தாண்டுறான்டா!” என்றார் ஒருவர். “அன்னிக்கு இத கவனிக்கலியே! அப்பத்தையே பாத்துக்கிட்டிருந்துட்டோம்!” “மேஸ்திரி முதுகுலயும் கண்ணு வச்சிருக்காருடா!” முன்வரிசையில் இருந்த போட்டிக் கமிட்டிக் காரியதரிசி எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “ஏனோக்கு, ஊரு உங்களத் தப்பா நெனச்சிட்டுது. மனசுல வச்சுக்காதீங்க” என்றார். பின்னாலிருந்து யாரோ முதுகில் தட்டினார்கள். பதினாறு பேராவது தட்டியிருப்பார்கள். கரிந்த துண்டு எங்கேயும் இல்லை, அதைப் பார்த்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர், அதில் ஒருவர் மறுநாள் ஊரைவிட்டுப் போகிறவர். நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும்.

பொய் எழுத மாட்டேன், ஒரு நிமிஷம் சும்மாத்தான் உட்கார்ந்திருந்தேன். நல்லாத்தான் இருந்தது. அப்புறம் இரண்டு வரிசை தள்ளி வில்ஃப்ரெட் தெரிந்தான். துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளை முகத்தில் என்ன இருந்தது தெரியுமா? சந்தேகம். ‘ஒருவேளை நான் ஓடித்தான் விட்டேனோ’ என்கிற சந்தேகம். மூன்று மாசம் வினிகரில் காலை வைத்தவன், தன் காலையே நம்பாமல் உட்கார்ந்திருந்தான்.

பெஞ்சின் மேல் ஏறிவிட்டேன். மனப்பாடம் பண்ணினது ஒரு வார்த்தை வரவில்லை. “அவன் ஓடல,” என்று கத்தினேன். “படத்துல நாலு எட்டு கருகிப்போச்சு. நான் அவன் காலப் பாக்கவே இல்ல. நாக்கு சுட்டுது, கை போச்சு. வெக்கத்துல அவன் ஓடிட்டான்னு சொல்லிட்டேன்.”

என்ன நடந்தது என்கிறீர்கள்? யாரும் நம்பவில்லை!

“எறங்குங்க மேஸ்திரி, கண்ணால பாத்தோமில்ல!” “பொண்டாட்டி வரணும்னு சொல்றாருப்பா, பாவம்!” “சொந்தக்காரப் பயலக் காப்பாத்துறாரு!” ஒன்பது வருஷமாக நான் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்ட ஜனம், நான் சொன்ன ஒரே நிஜத்தை எடுத்துக்கொள்ள மாட்டேனென்கிறது. ஃபிட்டனைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவர் விளக்குக்குப் பின்னாலிருந்து, “நம்ம படம் கருகுற படம் இல்லீங்க” என்று சொல்லிவிட்டார். அவருக்கு அவர் பிழைப்பு.

அப்போது கடைசிப் பக்கத்திலிருந்து ஜேபஸ் ஓர்மராட் எழுந்தார். அவர் எழுந்தால் கூடாரத்தில் பாதிப் பேருக்குத் துணி மறைந்துவிடும். “எல்லாரும் செத்த வாய மூடுங்க,” என்றார். “பதினோரு மைலு நான் அந்தப் பையன் குதிகாலப் பாத்துக்கிட்டே வந்தவன். வேற ஒண்ணுத்தையும் பாக்கல, அதயேதான். ஒரு தபாகூட ரெண்டும் சேந்து எழும்பல.” பிறகு என் பக்கம் திரும்பி, “அண்ணே, உங்களுக்காவது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் போயிப் பன்னித்தொடைய வாங்கிக்கிட்டேன். வீட்டுல புள்ளைங்க பேரு வச்சுக் கூப்புட்டுக்கிட்டு இருந்துச்சுங்க அந்தத் தொடைய. ஒப்புக்க மனசு வரல” என்றார்.

அதற்குப் பிறகு யாரும் கத்தவில்லை. வில்ஃப்ரெட் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். “விடுங்கண்ணே, நல்லா இருந்துச்சா?” என்று கேட்டான். “உப்பு கொஞ்சம் தூக்கல்” என்றார் ஜேபஸ்.

மிச்சத்தைச் சுருக்கமாக எழுதுகிறேன். நேற்று முன்தினம் சனிக்கிழமை அவர்கள் இரண்டு பேரும் மறுபடி அதே பன்னிரண்டு மைல் நடந்தார்கள். படப்பெட்டி இல்லை, கொடி இல்லை, நான் நீதிபதி இல்லை. அந்த வேலையை எழுத்து மூலம் ராஜிநாமா பண்ணிவிட்டேன். தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். ஊரில் பாதி எங்களோடு வந்தது. மேட்டு நிலத்தில் நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஒன்பதாவது மைல் வரை ஜேபஸ்தான் முன்னால். பிறகு தங்கள் மகன் மெல்ல மெல்லப் பக்கத்தில் வந்தான், ஏதோ சொல்லிச் சிரித்தான், தாண்டினான். சபை வாசலில் நாற்பது கஜம் முந்தி வந்து சேர்ந்தான். ஜேபஸ் மூச்சு வாங்கிக்கொண்டே, “அந்தத் தொடைதான் என்னைக் கவுத்துது” என்றார். கொடுக்கத் தொடை இல்லாததால் அவர் வீட்டம்மாள் ஒரு ஜாடி ஊறுகாய் வெங்காயம் கொடுத்தாள். எலும்பையும் துணியில் சுற்றிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பட்டாணி சூப்பு வைத்தேன். கரிந்துவிட்டது. இருந்தாலும் குடித்தோம்.

என் விண்ணப்பம் இதுதான். தங்கள் மகனுக்கு ஊர் நடுவில் நான் செய்தது அநியாயம். அவன் மன்னித்துவிட்டேன் என்கிறான், ஆனால் அவன் தகப்பனாரிடம் நான் கேட்க வேண்டியது பாக்கி. தாங்கள் என்னை என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன். டபிதாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மனமிருந்தால் புதன்கிழமை இரண்டு மணி ரயிலில் அனுப்பி வையுங்கள், நான் ஸ்டேஷனில் நிற்கிறேன். கெண்டி இல்லாமல் வாணலியில் தேநீர் போட்டுக் குடிக்கிறேன் என்பதை அவளிடம் சொல்ல வேண்டாம், பரிதாபத்துக்குச் சொன்னதாக நினைப்பாள்.

தங்கள் குடும்பத்தார் எல்லோருக்கும் என் அன்பான விசாரிப்புகள். கர்த்தர் தங்கள் விடுதியில் ஒரு அறையும் காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்வாராக. தங்கள் முழங்கால் மேலும் குணமடைவதாக.

இப்படிக்கு,
என்றும் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
ஏனோக் டக்வொர்த்.

பி.கு.: மேலே கண்டபடி எழுதி, உறையில் தங்கள் விலாசமும் எழுதி மை காய வைத்திருந்தேன். வில்ஃப்ரெட் வேலை முடிந்து வந்தான். விலாசத்தைப் பார்த்தான். “அப்பாவுக்கா? என்ன எழுதியிருக்கீங்க?” என்றான். படிக்கச் சொன்னேன். நின்றபடியே முழுசும் படித்தான், கடைசியில் விழுந்து விழுந்து சிரித்தான்.

“மாமா, அத்தை பிளாக்பூலுக்குப் போகவே இல்ல.”

“பின்ன?”

“பின்பக்கத்து மதிலுக்கு அந்தாண்ட. கெசையாம்மா வீட்டுல. பதினோரு நாளா மாவு பெசயிறாங்க. ஊருக்கே தெரியும். நீங்கதான் வெக்கப்பட்டுக்கிட்டு அந்தச் சந்துப் பக்கமே வர்றதில்லையே! நீங்க ஒப்புக்கிட்ட அன்னிக்குக் கூடாரத்துல கடைசி வரிசையில சால்வையப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. நீங்க பெஞ்சு மேல ஏறினதெல்லாம் பாத்தாங்க.”

“அப்ப ஏன்டா வரல?”

“ஊர்க்காரங்கிட்ட சொல்லிட்டாரு, எங்க அண்ணன்கிட்ட சொல்லலியே, யாரும் சொல்லிக்குடுக்காம அவராவே எழுதட்டும், அப்புறம் பாக்கலாம்னாங்க. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க.”

ஆகவே, சைலஸ் அவர்களே, புதன்கிழமை ரயிலைப் பற்றி மேலே எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடவும். தாங்கள் யாரையும் அனுப்பி வைக்க வேண்டியதில்லை. பதினோரு நாளாகத் தங்கள் வீட்டில் இல்லாத ஒருத்தியைப் பற்றி இத்தனை பக்கம் படிக்க வைத்ததற்கு மன்னிக்கவும். மன்னிப்புக் கேட்ட பகுதி மட்டும் அப்படியே இருக்கட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்கிறது. நல்ல உரத்த குரல், தங்கள் குடும்பத்துக் குரல். “எழுதியாச்சான்னு கேளுடா அந்த மனுசன! ஒட்டித் தபால் பெட்டியில போட்டுட்டு வரச் சொல்லு, கெண்டிய அடுப்புல வச்சிட்டேன்!”